மூன்று மொழியில் வெட்டிய பேர்

தாம்பரத்துக்காரர்களே, பல்லாவரத்துக்காரர்களே, குரோம்பேட்டை சிக்னலில் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர்களே! உங்கள் எல்லார் பேரிலும் ஒரு பழைய கடன் பாக்கி இருக்கிறது. பதற வேண்டாம், பேங்க்கிலிருந்து போன் வராது. கடன் கொடுத்தவர் 1751-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அசலும் கேட்கவில்லை, வட்டியும் கேட்கவில்லை. தன் பேர் நிலைக்க வேண்டும் என்ற ஒரே ஒரு ஆசைதான் அவருக்கு. அதை மட்டும் நாம் சுத்தமாக மறந்துவிட்டோம்.

அவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான். ஆர்மீனிய வியாபாரி. ‘கோஜா’ என்பது பெரிய முதலாளிகளுக்கு அந்தக் காலத்தில் ஒட்டிக்கொண்ட மரியாதைப் பட்டம். 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். சொந்தக் காசில். டெண்டர் இல்லை, உலக வங்கிக் கடன் இல்லை, அடிக்கல் நாட்டிவிட்டு அடுத்த தேர்தல் வரை காத்திருப்பதும் இல்லை. கையோடு கையாக, பரங்கிமலையில் ஏறுவதற்குப் படிக்கட்டும் கட்டிவிட்டார். இதெல்லாம் மதராஸுக்கு வந்து குடியேறிய ஓரிரு வருஷத்துக்குள். நமக்கு ஓரிரு வருஷத்தில் ரேஷன் கார்டில் விலாசம் மாறினாலே பெரிய சாதனை.

இந்த இடத்தில் பாடப்புத்தகமாக இருந்தால் “தொலைநோக்குச் சிந்தனையாளர், நவீன நகரின் சிற்பி” என்று ஆரம்பித்துவிடும். மன்னிக்கவும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உஸ்கானின் கனவில் வேளச்சேரி வந்திருக்காது; மேடவாக்கம் நிச்சயமாக வந்திருக்காது. அவர் பக்திமான். பரங்கிமலையில்தான் புனித தோமையார் உயிர்விட்டார் என்பது நம்பிக்கை. மதராஸ் கோட்டையிலிருந்து அந்த மலைக்குப் போகிற வழியில் குறுக்கே அடையாறு. ஆற்றைத் தாண்டினால் எதிரே முந்நூறு அடி மலை. பாலம் முதல் பிரச்சினைக்கு, படி இரண்டாவது பிரச்சினைக்கு. ஒரு பக்தர் நனையாமல் போய், மூச்சு வாங்காமல் சாமி கும்பிட நினைத்ததன் உபரி லாபம்தான் தென் சென்னை.

சரி, ஆர்மீனியருக்கு அடையாற்றில் என்ன வேலை?

பழி பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் மேல். ஜூல்பா என்று அராஸ் ஆற்றங்கரையில் ஓர் ஆர்மீனிய ஊர் இருந்தது. ஊர்க்காரர்கள் பட்டு வியாபாரத்தில் புலிகள். 1604-05 வாக்கில் ஷா அந்த ஊரையே காலி செய்யவைத்து, மொத்த ஜனத்தையும் தன் தலைநகர் இஸ்பஹானுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். திறமையான கம்பெனியைக் கையகப்படுத்துவது நமக்குத் தெரியும். ஊரையே கையகப்படுத்தியவர் இவர். புது ஊருக்கும் பழைய பேரையே வைத்துக்கொண்டார்கள்: புது ஜூல்பா. அங்கே பிறந்தவர்தான் நம்ம உஸ்கான்.

ஜூல்பாக்காரர்களுக்கு அப்போது நாடு என்று ஒன்று இல்லை. ஆனால் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மணிலா வரை எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் ஒரு மாமாவோ மச்சானோ கடை வைத்திருப்பார். இங்கிலீஷ்காரனிடம் பீரங்கி இருந்தது, போர்த்துக்கீசியனிடம் பாதிரியார் இருந்தார், ஆர்மீனியரிடம் உறவுக்காரர்கள் இருந்தார்கள். கடைசியில் எது லாபகரமானது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதைக் கிழக்கிந்தியக் கம்பெனியும் யோசித்தது. 1688-ல் லண்டனில் ஆர்மீனியர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. அதில் ஒரு ஷரத்தைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். கம்பெனியின் எந்த ஊரிலாவது நாற்பது ஆர்மீனியர் குடியேறினால், கம்பெனி தன் செலவில் மரத்தால் ஒரு சர்ச் கட்டித்தரும். அங்கே இருக்கும் பாதிரியாருக்கு ஏழு வருஷத்துக்கு, வருஷம் 50 பவுண்ட் கொடுக்கும். நாற்பது பேர் சேர்ந்தால் சர்ச் இலவசம்! ஆடித் தள்ளுபடியைக் கண்டுபிடித்தவர்கள் நாம்தான் என்று தி.நகரில் யாராவது மார்தட்டினால், இந்த ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.

உஸ்கான் சம்பாதித்த விதமும் சுவாரசியம்தான். மணிலா ஸ்பானியர்களின் ஊர். இங்கிலீஷ் கப்பல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள். ஆர்மீனியர் வந்தால் பரவாயில்லை. ஆகவே மதராஸ் வெள்ளைக்காரர்களின் துணிமணிகள் ஆர்மீனியர் பேரில் கப்பலேறி மணிலா போகும். சரக்கு யாருடையது என்று துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரியும். ரெக்கார்டில் மட்டும் யாருக்கும் தெரியாது. பினாமி என்பது நேற்று முளைத்த கலை என்று நினைத்துக்கொண்டிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

மணிலாவுக்கு வெள்ளி எங்கிருந்து வந்தது? பசிபிக் கடலைக் கடந்து, மெக்ஸிகோவின் அகாபுல்கோ துறைமுகத்திலிருந்து. அந்த வெள்ளி நம் நெசவாளர்களின் துணிக்கு விலையாக மதராஸ் வந்து சேர்ந்தது. உஸ்கான் மணிலா வியாபாரத்தில் கொழித்தவர். கணக்குப் போட்டுப் பார்த்தால், மெக்ஸிகோ சுரங்கத்தில் யாரோ வெட்டிய வெள்ளியில் கொஞ்சம் சைதாப்பேட்டையில் தூணாக நின்றது. சுரங்கத்தில் வெட்டியவனுக்குச் சைதாப்பேட்டை தெரியாது. சைதாப்பேட்டைக்கு இன்றுவரை மெக்ஸிகோ என்றால் பர்கர் கடையில் ஒரு வெரைட்டி.

1722-ல் ஆப்கானியர்கள் இஸ்பஹானை முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். ஜூல்பா பணக்காரர்களைக் கசக்கிப் பிழிந்தார்கள். அதை ஒட்டிய வருஷங்களில்தான் உஸ்கான் மதராஸில் நிலையாகத் தங்குகிறார். நல்ல வியாபாரிக்கு எங்கே போவது என்று தெரியும். மிக நல்ல வியாபாரிக்கு எப்போது கிளம்புவது என்றும் தெரியும்.

இப்போது பாலத்துக்கு வருவோம். அப்போது மதராஸ் கவர்னர் ஜேம்ஸ் மக்ரே. இவர் முன்னாள் கப்பல் கேப்டன். 1720-ல் மடகாஸ்கர் பக்கம் கடற்கொள்ளையரிடம் கப்பலைப் பறிகொடுத்தவர். அப்புறம் துணிந்து அந்தக் கொள்ளையரிடமே போய்ப் பேசி, அவர்களுடைய ஓட்டைக் கப்பல் ஒன்றை வாங்கிக்கொண்டு கரை சேர்ந்தார். கொள்ளைக்காரனிடமே கப்பல் வாங்கத் தெரிந்த ஆளுக்கு, வியாபாரியிடமிருந்து ஒரு பாலம் வாங்கத் தெரியாதா? அவர் கேட்டுத்தான் உஸ்கான் கட்டினார் என்று எந்த ஆவணமும் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன். இருந்தாலும் கம்பெனியின் கஜானா திறக்கவே இல்லை என்பது மட்டும் உறுதி.

செலவு 30,000 வராகன். பொன் காசு. அதற்குமேல் பாலத்தைப் பராமரிக்க என்று தனியாக 1,500 வராகன் ஒதுக்கி வைத்தார். இந்த வரியை மறுபடி படியுங்கள். கட்டுகிறபோதே பராமரிப்புக்குப் பணம்! பாலம் கட்டுவோம், அது பாட்டுக்கு நிற்கட்டும், ஒருநாள் விழுந்தால் விசாரணைக் கமிஷன் வைப்போம் என்ற நம் உயர்ந்த மரபுக்கு இது எவ்வளவு விரோதமானது!

அந்த 30,000 வராகன் எவ்வளவு பெரிய தொகை என்று தெரிய ஓர் ஒப்பீடு. எலிஹு யேல் என்பவர் 1687 முதல் 1692 வரை இதே மதராஸில் கவர்னராக இருந்தார். தன் பாக்கெட்டைக் கவனித்துக்கொண்ட அளவுக்குக் கம்பெனியின் பாக்கெட்டைக் கவனிக்கவில்லை என்று புகார் எழுந்து பதவி போனது. பிறகு லண்டனில் போய் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார். 1718-ல் அமெரிக்காவில் ஒரு சின்ன கல்லூரிக்கு ஒன்பது மூட்டைத் துணிமணி, 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று அனுப்பினார். சரக்கை விற்றதில் கிடைத்தது சுமார் 562 பவுண்ட். கல்லூரிக்காரர்கள் புல்லரித்துப்போய் அவர் பேரையே வைத்துவிட்டார்கள். யேல் பல்கலைக்கழகம்! அதில் படித்தவர்கள் அமெரிக்க ஜனாதிபதியாகிறார்கள்.

உஸ்கான் கொடுத்ததை அந்தக் கால மதிப்பில் வராகனுக்கு 8 ஷில்லிங் என்று வைத்தால் 12,000 பவுண்ட். யேல் கொடுத்ததைப்போல இருபது மடங்குக்கும் மேல். பேர்? வெள்ளைக்காரர்கள் அதை ‘மார்மலாங் பாலம்’ என்றார்கள். மாம்பலம்தான் அவர்கள் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. முப்பதாயிரம் வராகன் கொட்டினவரை விட்டுவிட்டு, பக்கத்தில் சும்மா இருந்த மாம்பலத்துக்குப் பேர் போனது.

உஸ்கான் இதையெல்லாம் எதிர்பார்க்காத அப்பாவி இல்லை. முன்கூட்டியே பாலத்தருகே கல்வெட்டு வைத்துவிட்டார். ஒரு மொழியில் இல்லை, மூன்று மொழிகளில்: பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன். லத்தீன் வாசகத்தின் சாரம், பொதுநலனுக்காக இந்தப் பாலத்தைக் கட்டச் செய்தவர் ஆர்மீனிய இனத்தைச் சேர்ந்த கோஜா பெட்ரூஸ் உஸ்கான், 1726. பொதுநலன் சுருக்கமாக முடிந்துவிட, பேர் மட்டும் இனத்தோடு விலாவாரியாக இருக்கிறது. பாலத்தைக் கடக்கிறவர்கள் கண்டிப்பாகப் படிக்க வேண்டிய விஷயம்.

யார் படிப்பார்கள்? பாரசீகம் ஆற்காட்டு நவாப்பின் அதிகாரிகளுக்கு. ஆர்மீனியம் சொந்தக்காரர்களுக்கு. லத்தீன் பாதிரியார்களுக்கும், அவர்கள் வழியாக மேலே இருப்பவருக்கும். தினமும் அந்தப் பாலத்தில் மாட்டுவண்டி ஓட்டிய செங்கல்பட்டு விவசாயிக்கும், தலையில் துணிமூட்டை சுமந்த சைதாப்பேட்டை நெசவாளிக்கும் ஒரு எழுத்துகூட இல்லை. இன்றைக்கு ஒரு மந்திரி இப்படிக் கல்வெட்டு வைத்தால் பாலம் திறப்பதற்கு முன்பே தார் டப்பாவோடு ஆள் வந்துவிடும். இங்கிலீஷும் இல்லை என்பதால் அந்தத் தரப்பிலாவது உஸ்கான் தப்பித்தார்.

பாலம் என்பது ஒரு விசித்திரமான தர்மம். கோயில் கட்டினால் பக்தர்தான் வருவார். பாலம் கட்டினால் யார் வேண்டுமானாலும் வரலாம். 1769-ல் வந்தவர் மைசூரின் ஹைதர் அலி. குதிரைப் படையோடு திடீரென்று பரங்கிமலைப் பக்கம் வந்து நின்றார். ஆற்றுக்குத் தெற்கே ஹைதர். வடக்கே கோட்டைக்குள் வியர்த்துக்கொட்டும் கம்பெனி கவுன்சில். கம்பெனியார் அவசர அவசரமாக ஆள் அனுப்பிச் சமாதானம் பேசி, ஏப்ரலில் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தச் சில நாட்கள், ஆற்றின் குறுக்கே இவ்வளவு உறுதியான பாலத்தைக் கட்டிய புண்ணியவானைக் கவுன்சில் உறுப்பினர்கள் எப்படி வாழ்த்தியிருப்பார்கள் என்று அச்சில் எழுத முடியாது.

உஸ்கான் அதற்குள் காலமாகிவிட்டார். ஆனால் அவரும் ஒரு படையெடுப்பைப் பார்த்தவர். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தார்கள். ராபர்ட் கிளைவ் என்ற இளம் குமாஸ்தா உள்ளூர்க்காரர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு தப்பி ஓடினார். உஸ்கான் சொத்து பறிமுதல் ஆனது. புதுச்சேரியில் டூப்ளே என்ற கவர்னர். தன் ஊரை மதராஸைவிடப் பெரிதாக்கிக் காட்டவேண்டும் என்ற துடிப்பு அவருக்கு. அங்கே வந்துவிடுங்கள், சொத்தெல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள். போட்டிக் கம்பெனியில் சேர்ந்தால் ஜாயினிங் போனஸ்! உஸ்கான் மாட்டேன் என்றுவிட்டார். தான் சம்பாதித்தது இங்கிலீஷ்காரரின் ஊரில் என்பது அவர் காரணம்.

ஒரு வியாபாரி லாபக் கணக்கை மூடி வைத்துவிட்டு நன்றிக் கணக்கைத் திறந்த இந்த ஒரு சந்தர்ப்பத்தில் எனக்கே அவரைக் கிண்டல் செய்ய மனசு வரவில்லை. அடுத்து நடந்ததைப் பார்த்தால் கிண்டல் செய்ய வேண்டியது வேறு ஆட்களை.

1749-ல் மதராஸ் மறுபடி இங்கிலீஷ்காரர் கைக்கு வந்தது. ஊரைப் பறிகொடுத்தது தங்கள் தவறு என்று யாராவது ஒப்புக்கொள்வார்களா? கத்தோலிக்கர்கள் காட்டிக்கொடுத்துவிட்டார்கள், ஆர்மீனியர்கள் சந்தேகத்துக்குரியவர்கள் என்று முடிவு செய்து, கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் நகரத்திலிருந்து அவர்களை வெளியேறச் சொன்னார்கள். உஸ்கானுக்கு மட்டும் விதிவிலக்கு. சொத்து பறிபோனாலும் விசுவாசம் மாறாதவருக்குக் கம்பெனி கொடுத்த மாபெரும் பரிசு, அவர் தன் வீட்டிலேயே குடியிருக்கலாம் என்பது.

அதற்கும் ரொம்ப நாள் மிச்சமில்லை. 1751 ஜனவரி 15-ல், எழுபது வயதில் இறந்தார். உயிலில் ஒரு விசித்திர நிபந்தனை: உடல் வேப்பேரியில் தான் கட்டிய கோயிலில், இதயம் மட்டும் பெட்டியில் வைத்து ஜூல்பாவுக்கு. அப்படியே செய்தார்கள். மெக்ஸிகோ வெள்ளியை மதராஸுக்கு வரவழைத்த மனிதர், கடைசிச் சரக்காகத் தன் இதயத்தை எக்ஸ்போர்ட் செய்தார். ரிட்டர்ன் சரக்கு இல்லாமல் அவர் செய்த ஒரே வியாபாரம் இதுவாகத்தான் இருக்கும்.

வேப்பேரிக் கோயில்? அற்புத அன்னைக்காக அவர் ஆசையாகக் கட்டியது. அவர் கண் மூடிய மறுவருஷமே கம்பெனி அதைக் கத்தோலிக்கர்களிடமிருந்து எடுத்து, புராட்டஸ்டன்ட் மிஷனுக்குக் கொடுத்துவிட்டது. வாங்கிக்கொண்டவர் பப்ரீஷியஸ் பாதிரியார், தமிழ் அகராதி தொகுத்த பெரிய படிப்பாளி. அகராதியில் இருந்த கவனம் கடன் பத்திரத்தில் இல்லாமல் போய், பின்னாளில் பண விவகாரத்தில் சிக்கிச் சிறைக்கே போனார். முப்பதாயிரம் வராகனுக்குக் கணக்கு வைத்திருந்த ஒருவர் கோயில் வளாகத்தில் படுத்திருக்கிறார். எழுந்து வந்து பாதிரியாருக்கு ரெண்டு வார்த்தை சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் அங்கேதான், புனித மத்தியாஸ் ஆலயத்தில், உஸ்கானின் கல்லறை இருக்கிறது.

மதராஸ் ஆர்மீனியர்களுக்கே கொஞ்சம் பெரிய அளவில் யோசிக்கிற வியாதி உண்டு. உஸ்கானுக்கு அடுத்த தலைமுறையில் ஷாஹமீர் ஷாஹமீரியன் என்று ஒரு வியாபாரி. இவர் மதராஸில் உட்கார்ந்தபடியே, சுதந்திர ஆர்மீனியாவுக்கு அரசியல் சட்டம் எழுதி அச்சடித்தார். அப்போது சுதந்திர ஆர்மீனியா என்ற நாடே கிடையாது. நாடு வரட்டும், சட்டம் ரெடியாக இருக்கும் என்பது போல. 1794-ல் உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையும் இங்கேதான் அச்சானது. படிக்க வாசகர்கள் பாரசீகத்திலிருந்து ஐரோப்பா வரை சிதறிக் கிடந்தார்கள். பத்திரிகை நடத்துகிறவர்கள் காசு பார்க்காததற்கும் மதராஸ்தான் முன்னோடி என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் தென் பக்கம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். பாலம் வந்தது, பாதை நிலைத்தது. பரங்கிமலையில் ராணுவம், கிண்டியில் கவர்னர் பங்களாவும் குதிரைப் பந்தயமும், மீனம்பாக்கத்தில் விமானம். 1931-ல் பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில். 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரம் காட்டுக்குக் குடிபோனது. 2021-ல் தாம்பரமே மாநகராட்சி. உஸ்கான் பாணியில் யாரும் சொந்தக் காசில் பெருங்களத்தூருக்கு ஒரு வழி செய்யாததால், பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பல வருஷம் அங்கே பாதி ராத்திரியைக் கழித்தார்கள்.

பழைய பாலம் 1960-களில் ஓய்வுபெற்றது. அதே இடத்தில் அகலமான புதுப் பாலம். பேர் மறைமலையடிகள் பாலம். இங்கேதான் வரலாறு உட்கார்ந்து யோசித்து ஜோக் அடிக்கிறது. மறைமலையடிகள் யார்? வேதாசலமாக இருந்து, வடமொழி வாடை வேண்டாம் என்று தன் பேரையே மறைமலை ஆக்கிக்கொண்டவர். 1916-ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியவர். அதுவும் பல்லாவரவாசி; நம்ம தென்புறத்துக்காரர். பாரசீகத்திலும் ஆர்மீனியத்திலும் லத்தீனிலும் எழுதி, தமிழுக்கு ஒரு மூலைகூட ஒதுக்காத பாலத்துக்கு, உலகத்தில் உள்ள எத்தனையோ பேரை விட்டுவிட்டு, பிறமொழிச் சொல் ஒன்று காதில் விழுந்தாலே முகம் சுளித்த பெரியவரின் பேர்!

இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. பாலத்துக்குப் பேர் வைத்த அதிகாரிகள் ஆர்மீனிய எழுத்தைப் படித்துவிட்டுப் பழிவாங்கவில்லை. கல்லை ஒருமுறை நின்று பார்த்திருந்தாலே ஆச்சரியம்.

உஸ்கான் ஐயா, ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பேர் அடிகளாருக்குப் போய்விட்டதே என்று வேப்பேரியில் வருத்தப்பட வேண்டாம். இந்த ஊரில் யாரும் மறைமலையடிகள் பாலம் என்றும் சொல்வதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி வந்து போக்குவரத்தை நிறுத்தியபோதும் சரி, இன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு லாரி நடுவில் நின்றபோதும் சரி, ஜனங்கள் போனில் கத்துவது ஒரே வாக்கியம்தான்: “சைதாப்பேட்டை பாலத்துல மாட்டிக்கிட்டேன், அரை மணி லேட்டாகும்!”